நெல் ஆராய்ச்சி நம் கைக்கு வந்த கதை



"நாற்பது வருஷமா நடவு வயல்ல நிக்கிறவங்க நீங்க, நெல்லைப் பத்தி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதுங்க அக்கா" என்று நம் மலர்க்குழுவில் கேட்டுக்கொண்டார்கள். நெல்லுக்கு வரலாறு என்று ஆரம்பித்தால் சோழ ராஜா காலத்துக்குப் போகவேண்டியிருக்கும். நான் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. நம் எல்லாருக்கும் கணக்கு எழுதிப் பழக்கம் உண்டு. அதனால் ஒரு சின்னக் கணக்கை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

நெல்லுக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் கோயம்புத்தூரில் ஆரம்பித்தது 1912-ல். அந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததை, நடவு நட்டுக் களை எடுக்கிற பெண்களைத் தேடி வந்து, அவர்களுக்கென்றே பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்க அரசாங்கத் திட்டம் வந்தது 1986-ல். நடுவில் 74 வருஷம். இந்த 74 வருஷம் என்ன நடந்தது, அதற்கப்புறம் என்ன மாறியது, நமக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் என்ன என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

விதை அம்மாக்களிடம் இருந்த காலம்

முன்னெல்லாம் விதை நெல்லுக்காக யாரும் கடைக்குப் போனதில்லை. அறுப்புக்கு முன்னாடியே வயலில் எந்த இடத்தில் கதிர் ஒரே சீராக விளைந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். அதைத் தனியாக அறுத்து, தனியாக அடித்து, தூற்றி, பனியிலும் வெயிலிலும் காயப்போட்டு, வைக்கோலால் கோட்டை கட்டி வைப்பார்கள். பூச்சி அண்டாமல் இருக்க வேப்பிலை, நொச்சி இலை போடுவார்கள். என் அம்மா ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தே, காய்ச்சல் போதுமா, இன்னும் ஒரு வெயில் காட்டணுமா என்று சொல்லிவிடுவார்.

எந்த நிலத்துக்கு எந்த நெல் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கடலோரத்து உப்பு நிலத்துக்குக் குழியடிச்சான், குடவாழை. பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி வைக்கப் பூங்கார். பழைய சோற்றுக்கு மாப்பிள்ளைச் சம்பா. இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று வாய்வழியாக வந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். அந்த நெல்லெல்லாம் ஆள் உயரம் வளரும். ஐந்து மாசம், ஆறு மாசம் வயலில் நிற்கும். காற்று மழைக்குச் சாய்ந்துவிடும். விளைந்ததிலும் பெரும் பங்கு குத்தகையாகப் போய்விடும். மழை பொய்த்த வருஷம் பட்டினிதான். விதையைப் பற்றிய அறிவு நம் பெண்களிடம் இருந்தது, ஆனால் அதை மேலே கொண்டுபோக வழி இல்லாமல் இருந்தது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையங்கள் வந்தன

சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் அரசாங்கம் ஒரு விவசாயப் பள்ளியைத் தொடங்கியது. அது 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய்க் கல்லூரியாக வளர்ந்தது. அதுதான் 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. 1912-ல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம். 1922-ல் நம் காவிரிப் படுகையிலேயே ஆடுதுறையில் ஒன்று. 1937-ல் தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்தில் ஒன்று. நாம் வாங்குகிற விதைப் பையில் கோ, ஆடுதுறை என்று எண் போட்டிருப்பதும், ஏ.எஸ்.டி. 16 என்று எழுதியிருப்பதும் இந்த ஊர்களின் பெயர்தான். ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம்.

ஆரம்பத்தில் அங்கே செய்த வேலை நம் அம்மாக்கள் செய்ததுதான். ஊர் ஊராக நெல் சேகரித்து, நல்ல கதிரைத் தேர்ந்தெடுத்து, ஒரே கதிரின் விதையைத் தனி வரிசையில் விதைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்கள். எத்தனை நாளில் பூத்தது, எத்தனை தூர் கட்டியது, ஒரு கதிரில் எத்தனை மணி என்று நோட்டில் ஏற்றினார்கள். அப்படிப் பார்க்கும்போது, கோணாமணி என்ற நம் பழைய நெல்லில் தானாகவே மாறி நின்ற ஒரு செடி கண்ணில் பட்டது. அதிலிருந்து 1921-ல் வந்ததுதான் ஜி.இ.பி. 24 என்ற சன்ன ரகம். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வரும்.

அப்புறம் ஒட்டுச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கே. ராமையா என்ற நம் ஊர் விஞ்ஞானி இதில் பெரிய பெயர். 1946-ல் ஒடிசாவில் கட்டாக் நகரில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அவர்தான் அதன் முதல் இயக்குநர். நெல்லில் ஒட்டு என்பது லேசான வேலை இல்லை. நெல் பூ காலையில் கொஞ்ச நேரம்தான் திறக்கும். அது தன் மகரந்தத்தையே எடுத்துக்கொள்ளும். அதனால் பூ திறப்பதற்கு முன்னாடியே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கிற ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பிறகு வேறு ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்த்து, உறை போட்டு மூடவேண்டும். அதில் கிடைக்கிற நாலைந்து மணியை விதைத்து, அதன் பிள்ளை, பேரப்பிள்ளை என்று ஏழெட்டுத் தலைமுறை பொறுக்கி எடுத்தால்தான் ஒரு ரகம் தேறும். சுமார் பத்து வருஷம் ஆகும்.

அந்த ஆராய்ச்சி வயல்களிலும் நாற்று நட்டது, களை எடுத்தது, கதிர் அறுத்தது எல்லாம் கூலிக்குப் போன பெண்கள்தான். ஆனால் முடிவு தெரிந்த பிறகு அது மிராசுதாருக்கும், நிலம் வைத்திருந்த ஆண்களுக்கும்தான் சொல்லப்பட்டது. நட்டவளுக்கு என்ன ரகம் நட்டோம் என்பதுகூடத் தெரியாது.

ரேடியோ நெல்

1960-களில் நாட்டில் அரிசிப் பஞ்சம். ரேஷன் கடையில் வரிசை, கப்பலில் கோதுமை. அரிசி விலையே தேர்தலைத் தீர்மானித்த காலம் அது. விளைச்சலைக் கூட்டவேண்டும் என்று மத்திய அரசு நாட்டில் சில மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் தஞ்சாவூரும் ஒன்று. 'பேக்கேஜ் திட்டம்' என்று பெரியவர்கள் சொல்லுவாங்க.

அப்போது வந்த நெல்தான் ஆடுதுறை 27. ஜப்பான் நெல்லோடு, மேலே சொன்ன நம் ஜி.இ.பி. 24-ஐச் சேர்த்து எடுத்த ரகம். நூறு நாள் சொச்சத்தில் அறுப்புக்கு வந்துவிடும். மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் குறுவையாக நட்டு, அதை அறுத்துவிட்டு அதே வயலில் தாளடி போடலாம். ஒரு போகம் விளைந்த வயல் இரண்டு போகம் விளைந்தது.

இந்த நெல்லை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. 1966-ல் அங்கே விவசாயிகளுக்கென்று தனிப் பிரிவு ஏற்படுத்தி, எப்போது விதைக்கவேண்டும், எப்போது மேலுரம் போடவேண்டும் என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால் தஞ்சாவூர் ஜனங்கள் ஆடுதுறை 27 என்ற பெயரையே விட்டுவிட்டு 'ரேடியோ நெல்' என்று கூப்பிட்டார்கள். வானொலியால் பெயர் வாங்கிய நெல் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று பெருமையாகச் சொல்லுவார்கள்.

அதே 1966-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. உயரமான நெல்லுக்கு உரம் போட்டால் கதிர் கனத்தில் சாய்ந்துவிடும். இது இந்தோனேசியாவின் ஓர் உயர நெல்லையும் தைவானின் ஒரு குட்டை நெல்லையும் சேர்த்து எடுத்தது. எவ்வளவு உரம் போட்டாலும் நிமிர்ந்து நிற்கும். விளைச்சல் மளமளவென்று கூடியது.

ஆனால் பூச்சியும் கூடவே வந்தது. ஐ.ஆர். 8-க்கு அடுத்து வந்த ஐ.ஆர். 20 நம் ஊரில் நன்றாக நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. குருத்துப் பூச்சியைத் தாங்கும் குணம் அதற்கு இருந்தது. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? திருவள்ளூர்ப் பக்கம் திரூர்குப்பம் நிலையத்தில் எடுத்த டி.கே.எம். 6 என்ற நம் ரகத்திலிருந்து. அந்த டி.கே.எம். 6-க்கும் ஒரு பக்கத்துத் தாய் நம் ஜி.இ.பி. 24-தான். ஆக, பிலிப்பைன்ஸிலிருந்து வந்ததாக நாம் நினைத்த நெல்லிலும் நம் கோணாமணியின் ரத்தம் ஓடியது.

இதெல்லாம் நெல்லின் கதை. பெண்களின் கதை என்ன ஆனது?

ஒரு போகம் இரண்டு போகம் ஆனபோது நடவும் இரண்டு, களையும் இரண்டு ஆனது. உரம் போட்ட வயலில் களையும் கொழுத்தது. குறுவை அறுப்பு மழை ஆரம்பிக்கிற நேரத்தில் வரும். ஈர நெல்லை ரோட்டிலும் கோயில் வாசலிலும் காயப்போட்டுக் காலால் தள்ளிவிட்டுக் கிண்டியது யார்? நம் அம்மாக்கள். வேலை கிடைத்தது உண்மைதான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் விளைச்சல் கூடிய அளவுக்குக் கூலி கூடவில்லை. கூடக் கேட்ட இடங்களில் சண்டை வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவர்கள். பசுமைப் புரட்சியின் வரலாற்றை எழுதும்போது இந்தத் தேதியை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் நடந்தது. விதை கடைக்குப் போய்விட்டது. கோட்டை கட்டி வைத்த பழக்கம் ஒவ்வொரு வீடாக நின்றது. எதை நடுவது, எப்போது மருந்து அடிப்பது என்ற முடிவு விவசாய ஆபீசர், உரக்கடைக்காரர், வீட்டு ஆம்பளை என்று மூன்று பேருக்குள் முடிந்துவிட்டது. ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கி வயலில் நின்ற எங்களைப் பார்த்து, "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்பார். எங்கள் கையில் நாற்று முடி இருக்கும். அவர் நோட்டில் எங்கள் பேர் இருக்காது.

1986: பயிற்சி நம்மைத் தேடி வந்தது

இந்த நிலைமையை மாற்ற வந்ததுதான் டான்வா. தமிழ்நாடு வேளாண்மையில் மகளிர் என்ற திட்டத்தின் சுருக்கப் பெயர் அது. டென்மார்க் நாட்டின் டானிடா உதவியோடு 1986-ல் தொடங்கியது. அதில் இரண்டு விஷயம் புதுசு. ஒன்று, பயிற்சி கொடுக்க வந்தவர்கள் பெண் வேளாண் அலுவலர்கள். இரண்டாவது, பயிற்சி நடந்தது நம் கிராமத்திலேயே. சமைத்து வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுகூடப் போகலாம். கற்றுக்கொண்ட ஒவ்வொருத்தியும் பக்கத்தில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

நானும் அப்படி ஒரு பயிற்சியில் உட்கார்ந்தவள். முதல் நாள் ஒரு வாளி தண்ணீர், கொஞ்சம் கல் உப்பு, ஒரு முட்டை, இவ்வளவுதான் கொண்டுவந்தார்கள். தண்ணீரில் முட்டையைப் போட்டால் அடியில் போய் உட்காரும். உப்பைப் போட்டுக் கரைக்கக் கரைக்க முட்டை மேலே வரும். அதன் தலை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளியே தெரிந்ததும் முட்டையை எடுத்துவிட்டு விதை நெல்லைக் கொட்டவேண்டும். பொக்கும் அரைகுறை நெல்லும் மிதக்கும், கனமான நெல் மூழ்கும். மிதந்ததை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி முளைகட்டினால் நாற்றங்கால் ஒரே சீராக வரும். எனக்கு ஒரே ஆச்சரியம். நம் அம்மா தூற்றி எடுத்ததும் இதே கனமான நெல்லுக்காகத்தானே! முறத்தால் செய்ததை முட்டையும் உப்பும் இன்னும் துல்லியமாகச் செய்தது.

விதையோடு அசோஸ்பைரில்லம் கலப்பது, எலிக்கு வரப்பைச் சின்னதாக வைப்பது, மேலுரத்தைப் பிரித்துப் போடுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. என் மனதில் ஆழமாகப் பதிந்தது பூச்சிப் பாடம்தான்.

புகையான் வந்தால் உடனே மருந்து அடிக்கவேண்டும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தோம். இந்தோனேசியாவிலும் அப்படித்தான் அடித்தார்கள். அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. ஏன் என்று ஆராய்ந்து பார்த்தால், மருந்து முதலில் கொன்றது புகையானைத் தின்கிற சிலந்தியைத்தான். அதனால் அந்த நாட்டு அரசாங்கமே 1986-ல் நெல்லுக்கு 57 வகை மருந்தைத் தடைசெய்தது. 1989-ல் அங்கே வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். கரும்பலகை கிடையாது, வயலில் இறங்கி ஒவ்வொரு குத்தாகப் பார்த்து, கெட்ட பூச்சி எத்தனை, நல்ல பூச்சி எத்தனை என்று எண்ணிப் படம் வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யும் பள்ளி. அந்த முறை நம் ஊருக்கும் வந்தது. குனிந்து களை எடுக்கிற நமக்குத் தூரில் இருக்கிற பூச்சி முதலில் தெரியும். நின்றுகொண்டு மருந்து அடிப்பவருக்குத் தெரியாது. இதைப் புரிந்துகொண்ட வீடுகளில் மருந்துச் செலவு குறைந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பின்னாடி இலை வண்ண அட்டை வந்தது. பச்சையின் அடர்த்தியை வரிசையாக அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை. காலையில் வயலில் போய், மேலே நன்றாக விரிந்த இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, குறிப்பிட்ட பச்சைக்குக் கீழே இருந்தால்தான் யூரியா போடவேண்டும். எழுத்துத் தெரியாத பெண்ணும் பார்க்கலாம். புடவைக் கடையில் நூறு பச்சையில் ஒரு பச்சையைப் பிரித்துச் சொல்கிற நமக்கு இது ஒரு வேலையா?

டான்வா போய்க்கொண்டிருக்கும்போதே, 1989-ல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. அங்கிருந்துதான் மகளிர் திட்டம், நம் குழு, நம் கூட்டமைப்பு எல்லாம். பயிற்சியால் அறிவு வந்தது, குழுவால் கையில் பணம் வந்தது. இரண்டும் சேராமல் எதுவும் நடந்திருக்காது. உப்புத் தண்ணீரில் விதை தேற்றத் தெரிந்திருந்தாலும், விதை வாங்கக் காசுக்கு உரக்கடைக்காரரிடம் போய் நின்றால், அவர் கொடுக்கிற விதைதானே விதை?

ஒற்றை நாற்று

2000-க்கு அப்புறம் வந்த பெரிய மாற்றம் ஒற்றை நாற்று நடவு. செம்மை நெல் சாகுபடி, திருந்திய நெல் சாகுபடி, ராஜராஜன் 1000 என்று இதற்குப் பல பெயர் வைத்தார்கள். மடகாஸ்கர் தீவில் லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், அங்கிருந்த ஏழை விவசாயிகளோடு சேர்ந்து 1983 வாக்கில் உருவாக்கிய முறை இது. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் சோதித்து, 2003-04-ல் காவிரி, தாமிரபரணிப் பகுதிகளில் விவசாயிகளின் வயலிலேயே நட்டுக் காட்டியது.

முறை என்னவென்றால், ஏக்கருக்கு 25, 30 கிலோ விதைத்த இடத்தில் 3 கிலோ போதும். ஒரு சென்ட் பாய் நாற்றங்கால். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடவு. தண்ணீரைக் கட்டி வைக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சவேண்டும். கோனோ வீடரை இரண்டு பக்கமும் உருட்டினால் களை மண்ணுக்குள்ளேயே அமுங்கி உரமாகிவிடும். வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

முதலில் எங்கள் நடவு ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊசி மாதிரி நாத்து, ஒத்தையா நட்டா வயலு மொட்டையா கெடக்கும், ஆளு பார்த்துச் சிரிப்பாங்க" என்றார்கள். முதல் பத்து இருபது நாள் வயல் அப்படித்தான் இருந்தது. அப்புறம் தூர் வெடித்து வயல் மூடியதைப் பார்த்து வாயை மூடினார்கள். ஆனால் அவர்கள் மறுத்ததற்குப் பின்னால் இன்னொரு நியாயமான காரணம் இருந்தது. கயிறு பிடித்து, அளவு பார்த்து நட்டால் நேரம் ஆகும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடுகிறவர்களுக்கு அன்றைக்கு வருமானம் குறையும். அதைச் சரிக்கட்டிக் கூலி பேசிய ஊரில் முறை நிலைத்தது, பேசாத ஊரில் பழைய நடவுக்கே திரும்பிவிட்டார்கள். ஆராய்ச்சித் தாளில் விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், விளைச்சல் இவ்வளவு என்று எழுதியிருக்கும். கூலி என்ற பத்தியையும் அதில் சேர்த்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

கோனோ வீடரிலும் இதே கதைதான். குனிந்து களை எடுத்து இடுப்பு ஒடிந்த நமக்கு, நிமிர்ந்து நடந்தே களை எடுக்கலாம் என்பது வரம். ஆனால் ஆரம்பத்தில் வந்த கருவி சேற்றில் தள்ள முடியாத கனம். "இது ஆம்பள வேலை" என்று கருவி அவர்கள் கைக்குப் போனது, கூடவே களைக் கூலியும் போனது. எடை குறைந்த கருவிகள் பிறகுதான் வந்தன. இப்போது நடவு இயந்திரம் வந்திருக்கிறது. இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிப் பயன் இல்லை. அது யார் பேரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இயந்திரத்துக்கு வேண்டிய தட்டு நாற்றங்காலைக் குழுவாக வளர்த்து விற்கலாம். வாடகை மையத்தையே குழு நடத்தலாம். அப்போது இயந்திரம் நம் கூலியைத் தின்னாது, நமக்கு வாடகை கொண்டுவரும்.

வெள்ளமும் பழைய விதையும்

கார்த்திகை மழையில் சம்பா மூழ்கி அழுகுவது நமக்குப் பழகிப்போன துக்கம். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல், முழுசாக மூழ்கினாலும் இரண்டு வாரம் வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். தண்ணீருக்குள் மேலே வளர முயன்று தெம்பை வீணாக்காமல் அடங்கி இருக்கும், தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அந்தக் குணத்தைச் சேர்த்து எடுத்ததுதான் சி.ஆர். 1009 சப்-1. பள்ளக்கால் வயலுக்கு இது பெரிய உதவி.

யோசித்துப் பாருங்கள். ஒடிசாவில் யாரோ ஒரு குடும்பம் அந்தப் பழைய நெல்லைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காப்பாற்றாமல் இருந்திருந்தால் விஞ்ஞானிக்கு அந்தக் குணம் எங்கே கிடைத்திருக்கும்? அதனால்தான் பழைய விதையைக் காப்பாற்றுவதும் ஆராய்ச்சிக்குச் செய்கிற உதவி என்கிறேன். நம்மாழ்வார் ஐயாவின் வழியில் நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். நம் சங்கக் கடன் மாதிரியேதான், வட்டி மட்டும் நெல்லாக.

இன்னும் வரவேண்டிய பாக்கி

அறிவு வந்தது, குழு வந்தது. பேர் இன்னும் முழுசாக வரவில்லை. நாற்பது வருஷம் நட்ட எனக்கு, ஒரு கடன் அலுவலகத்தில் "பட்டா உங்க பேர்ல இல்லையேம்மா, நீங்க விவசாயி இல்லையே" என்று சொன்னார்கள். சட்டப்படி அவர் சொன்னது அவருடைய படிவத்துக்குச் சரி. ஆனால் அந்தப் படிவம் சரியா?

தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை, என்னைப் போன்றவர்கள் வெளியே நின்றோம். 2005-ல் நாடு முழுக்க மகளுக்குச் சம பங்கு வந்தது. நெல் விஞ்ஞானியாகவும் இருந்த எம்.எஸ். சுவாமிநாதன், நிலம் பேரில் இல்லாவிட்டாலும் விவசாயம் செய்கிற பெண் விவசாயிதான், அவளுக்குச் சான்றிதழ் கொடுக்கவேண்டும், அதை வைத்துக் கடனும் பயிற்சியும் கிடைக்கவேண்டும் என்று 2012-ல் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது 2013-ல் காலாவதியாகிவிட்டது. இந்தச் சேதி நம் குழுக்களில் பல பேருக்குத் தெரியாது என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் செய்யக்கூடியது சில உண்டு. கிராம சபையிலும் வேளாண் அலுவலகத்திலும், பயிற்சிப் பட்டியலில் நடவு செய்கிற பெண்களின் பேரையும் எழுதச் சொல்லிக் கேட்போம். 1974-ல் இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது பக்கத்தில் புதுச்சேரியில்தான். இன்றைக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. நம் கூட்டத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு நேரே போய், இந்த மாசம் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கூப்பிடலாம். கூட்டமைப்பில் விதை உற்பத்திக்கு ஒரு குழு, தட்டு நாற்றங்காலுக்கு ஒரு குழு என்று பிரிக்கலாம். பூங்காரோ குழியடிச்சானோ, குழுவுக்கு ஒரு பழைய ரகத்தையாவது கால் ஏக்கரில் காப்பாற்றலாம். பிளஸ் டூ படிக்கிற நம் பெண்களிடம் வேளாண் கல்லூரி என்று ஒன்று இருப்பதைச் சொல்லுவோம். நாளைக்கு ஆடுதுறையில் ஒரு புது ரகத்துக்கு எண் வைக்கும்போது, அந்த ஒட்டைப் போட்ட கை நடவு நட்டவளின் மகள் கையாக இருக்கட்டும்.

வருகிற குறுவைக்கு முன்னாடி ஒவ்வொரு குழுவும் ஒரு கூட்டத்தை விதைக்கென்று ஒதுக்குங்கள். ஒரு வாளி, ஒரு முட்டை, ஒரு படி உப்பு கொண்டுவந்தால் போதும். புதுசாகச் சேர்ந்த மருமகள்களை முன்னால் உட்கார வையுங்கள். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.